மாப்பிள்ளையின் கையில் இரண்டு லேடீஸ்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மகள் வீட்டில் சௌகரியமாக இருக்கிறேன். அக்காவின் முழங்கால் நீங்கலாக அங்கே மற்றெல்லாம் நலம் என்று நம்புகிறேன்.

போன திங்கட்கிழமை ஒரு கடிதம் போட்டேனே, "நீங்கள் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை ஒரு கொலைகாரன்" என்று தொடங்குமே, அதைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். அக்கா படித்திருந்தால் எப்படியாவது சமாளித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்று ஏற்கெனவே மங்கல். கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டு காதை மட்டும் நம்பி வாழ்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை பால்கனியில் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "என் கையில ரெண்டு லேடீஸ் இருந்தாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, கடைசில ஆத்துல போயிட்டாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருத்தி என்றாலே தாங்காது, இவர் இரண்டு பேரைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டிருக்கிறாரே என்று நினைக்கும்போதே, முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதிய கையாயிற்றே, அது பாட்டுக்குத் தலையணைக்கடியில் இருந்த நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டது. அடுத்து, "அவங்ககிட்ட படகு இருந்துச்சு, எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். அதற்கும் அடுத்து, நிதானமாக, ஏதோ ஊறுகாய் ஜாடியைச் சொல்வதுபோல, "நேத்து எங்கிட்ட செத்தவன் கை இருந்துச்சு, அதை வெச்சுத்தான் சமாளிச்சேன்" என்றார்.

மகளைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கட்டு என்றேன். "எங்கப்பா போறோம்?" என்றாள். எங்கேயாவது என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சொட்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல என்று டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். அன்று முழுக்க எனக்கு, அத்தான், நாம்தானே கட்டிக்கொடுத்தோம் என்று இருந்தது.

கட்டு அவிழ்த்த மறுநாள், போலீசுக்குப் போகுமுன் மாப்பிள்ளையின் முதலாளியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவர்கள் பல் செட் செய்யும் இடத்துக்கே போனேன். அலமாரி முழுக்கத் தாடைகள், எல்லாம் என்னைப் பார்த்து இளிக்கின்றன. அந்த அம்மாள் உட்காரச் சொன்னார். நோட்டைப் பிரித்துக் கோர்ட்டில் வாசிக்கிற குரலில் வரிவிடாமல் வாசித்தேன். அவர் சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "அந்த ரெண்டு லேடீஸும் எங்கிட்டத்தாங்க தோத்தாங்க" என்றார்.

உள்கதவைத் திறந்தார். வெள்ளைக் கோட்டு போட்ட மூன்று பேர் சாப்பாட்டு இடைவேளையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பணயம், வார்ப்பில் கோணிப்போன பொய்ப் பற்கள். மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். முதலாளியம்மா சீட்டுகளை விரித்து எனக்குப் பாடம் எடுத்தார். இது போக்கர் என்ற ஆட்டமாம். கையில் இரண்டு ராணி வந்தால் லேடீஸ். இரண்டு ஏஸ் வந்தால் ராக்கெட். இரண்டு இரண்டு வந்தால் வாத்து, எண்ணின் கழுத்து அப்படி வளைந்திருப்பதால். இரண்டு எட்டு வந்தால் பனிமனிதர்கள். ஒரே எண்ணில் மூன்று, வேறோர் எண்ணில் இரண்டு சேர்ந்தால் படகு. மேசையில் கடைசியாகத் திருப்பும் சீட்டுக்குப் பெயர்தான் ஆறு, எண் இல்லை, தண்ணீர் ஓடும் ஆறு. இரண்டு ஏஸும் இரண்டு எட்டும் சேர்ந்தது செத்தவன் கை.

"மாமா, நீங்க எங்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. என்னைப் பத்திரமாக ஆட்டோவில் ஏற்றி, மகளிடம் இதைப் பற்றி மூச்சுவிட மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். நானே அன்று சாயங்காலம் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா அவரை அப்படி நெனைச்சுக்கிட்டா அவர் ஊத்துன மருந்தைக் கண்ணுல வாங்கிக்கிட்டீங்க?" என்றாள்.

ஆனாலும் அத்தான், சீட்டு சீட்டுதான். குடும்பஸ்தனுக்கு இது அழகில்லை. நான் அறுபத்து நாலு வயதுவரை அதைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். உங்கள் பேச்சுக்கு மாப்பிள்ளை கட்டுப்படுவார். கண்டித்து நாலு வரி எழுதுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மைத்துனன்

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பத்தியில் தலையைச் சொறிந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாமான் அறையில் உட்காரவைத்து இந்த ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானாமே. ஆகவே கண்டிப்பு வேண்டாம். பதிலாக ஒரு சந்தேகம்: இப்போது என் கையில் இரண்டு ஜாக்கி, அதாவது தூண்டில், மேசையில் ராஜா விழுந்துவிட்டது, முதலாளியம்மா பணயத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். விட்டுவிடுவதா, நிற்பதா? கடிதம் வேண்டாம், போன் செய்யுங்கள். எதிரே காத்துக்கொண்டிருக்கிறார்கள்.