ஃபேனைப் போட்டுவிட்டு மயங்கியவர்

மலைச்சாமி அன்று காலை ஒரு முடிவோடுதான் வீட்டுக்கு வந்தார். இட்லி சாப்பிடுவதற்கு முன்னால் செத்த நேரம் செத்துப் பார்ப்பது என்று.

நிஜமாகச் சாகிற உத்தேசம் எதுவும் இல்லை. அவருக்குத் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. கேட்டுப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டார்ச், ஒரு போன். நாற்காலி உட்காருவதற்கு. டார்ச் சும்மா கிடப்பதற்கு. போன்தான் உலகம். ஊர் தூங்குகிற நேரத்தில் எங்கேயோ எவனெவனோ முழித்துக்கொண்டு என்னென்னவோ செய்து வீடியோ போடுகிறான். அதை ஒரு ஆளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டாமா என்கிற பொறுப்பு மலைச்சாமிக்கு உண்டு.

பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. காலையில் வந்து பெண்டாட்டி சொர்ணலட்சுமியிடம் ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். வெள்ளரிக்காயைப் பார்த்து ஆளுயரம் எகிறிக் குதித்த பூனை. பியானோ வாசித்தால் கூடவே பாடுகிற கழுதை. பெண்டாட்டியை முதுகில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சேற்றில் ஓட்டப்பந்தயம் ஓடுகிற வெளிநாட்டுப் புருஷன்மார்கள். சொர்ணலட்சுமி வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ம்" என்பாள். ஓட்டப்பந்தயத்துக்கு மட்டும் ஊசியை எடுத்துவிட்டு, "ரேஷன் அரிசிப் பையத் தூக்கவே உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள். மறுபடி ஊசி வாய்க்குப் போய்விட்டது.

ஆளைக் கவிழ்த்தது புதிதாக வந்த ஒரு வீடியோ. ஆட்கள் தங்கள் வளர்ப்புப் பிராணிகள் முன்னால் பொய்யாக மயங்கி விழுகிறார்கள். அதுகள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு நாய் முகத்தை நக்கியது. இன்னொரு நாய் தண்ணீர்க் கிண்ணத்தையே கவ்விக்கொண்டு வந்தது. ஒரு வாத்து கத்திக் கத்தித் தெருவையே கூட்டிவிட்டது. ஓர் ஆமை ஹாலின் மறுகோடியிலிருந்து கிளம்பியது. அது வந்து சேர்வதற்குள் விழுந்தவர் நிஜமாகவே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் வந்ததே, அதுதான் விஷயம். மலைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொர்ணலட்சுமி எந்தக் குறையும் வைத்ததில்லை. கூட்டு, பொரியல் என்று ரெண்டு வெஞ்சனம் இல்லாமல் சோறு போட்டதில்லை. ஆனால், 'உங்கள விட்டா எனக்கு யாரு' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் மலைச்சாமியின் ஆசை.

ஆக, விழுவது என்று முடிவாகிவிட்டது. விழுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தார். தரையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்தார். மூஞ்சியில் ஈ உட்கார்ந்தால் நடிப்புக் கெட்டுப்போகும் என்பதால், மார்கழிக் குளிரையும் பாராமல் ஃபேனை மூன்றில் வைத்தார். மிஷினில் குனிந்திருந்தவள் நிமிரவில்லை. எல்லாம் தோதாக அமைந்தது. "சொர்ணம்" என்று ஈனஸ்வரத்தில் ஒரு குரல் கொடுத்துவிட்டு, முதலில் முழங்கால், பிறகு முழங்கை, கடைசியாகத் தலை என்று தவணை முறையில் விழுந்தார்.

மிஷின் சத்தம் நின்றது.

மலைச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மிஷின் மறுபடி ஓடியது. ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலை அறுத்த பிறகுதான் எழுந்து வந்தாள். அந்த ஆமையே பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

சொர்ணலட்சுமி குனிந்து பார்த்தாள். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியைக் கூப்பிட்டாள். அந்தம்மா கையில் உரித்த வெங்காயத்தோடு ஓடி வந்தது. வரும்போதே வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. வெங்காயத்தை மூக்கில் வைத்தது. சாவிக்கொத்தைக் கையில் திணித்தது. ஒன்றும் ஆகவில்லை.

"செருப்ப மோந்து பாக்க வையி சொர்ணம், சட்டுன்னு முழிச்சுக்கும்."

"எது, இவரு மில்லுக்குப் போட்டுட்டுப் போற செருப்பா? முழிக்கிறவரும் முழிக்க மாட்டாருக்கா."

மலைச்சாமிக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அதற்குள் குரல் மாறியது. சொர்ணலட்சுமி பழனி இருக்கிற திசை பார்த்துக் கைகூப்பி, தழுதழுத்த குரலில் பேசினாள்.

"பழனியாண்டவா, இவர விட்டா எனக்கு யாருமில்லப்பா."

வந்துவிட்டது. வார்த்தை வந்துவிட்டது. அந்த இடத்தில் கண்ணைத் திறந்திருந்தால் மலைச்சாமி ஜெயித்தவர். ஆனால் ஆசை யாரை விட்டது? இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுந்துவிடலாம் என்று படுத்திருந்தார்.

"இவரு கண்ண முழிச்சிட்டா, உன் சன்னதியில இவருக்கு மொட்டை போடுறேன்."

மலைச்சாமிக்கு நிஜமாகவே மயக்கம் வரும்போல் இருந்தது. திண்டுக்கல் உப்புத்தண்ணியில் குளித்துக் குளித்து அவர் செட்டு ஆட்களுக்கெல்லாம் தலை தரிசாகிவிட்டது. அவருக்கு மட்டும் சிறுமலைக் காடு மாதிரி கருகருவென்று நிற்கிறது. மில்லில் டார்ச்சை அடித்து, போனைக் கண்ணாடியாக வைத்துச் சீவிக்கொள்கிற முடி அது. இப்போது கண்ணைத் திறந்தால் வேண்டுதல் பலித்துவிட்டதாக அர்த்தம். திறக்காமல் கொஞ்சம் தாக்குப்பிடித்தால், சாமி கேட்கவில்லை என்று இவளே விட்டுவிடுவாள்.

சொர்ணலட்சுமி விடுகிற ஆளா?

"மொட்டை பத்தலையா முருகா? சரி, மீசையையும் சேத்து எடுத்துக்க."

ஒட்டன்சத்திரம் காய்கறி ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போனது. பஸ்ஸில் இல்லை, தைப்பூசத்துக்கு நடந்தே வருவார் என்றாள். செருப்பில்லாமல் என்றாள். ஜெய்தூன் பீவி தன் பங்குக்கு, தர்காவில் சர்க்கரை ஓதுவதாகச் சொல்லி, இம்புட்டுக்கும் நான் சாட்சி என்றும் சேர்த்துக்கொண்டது. மலைச்சாமியின் இமை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"இதுக்கும் முழிக்கலையா? அப்பனே, இவரு உசுரா வச்சிருக்கிற போனு, அத உன் உண்டியல்ல..."

"சொர்ணம்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார் மலைச்சாமி. "நான் எங்க இருக்கேன்?"

"மொட்டை, மீசை, பாதயாத்திரை வரைக்கும் வந்திருக்கீங்க. போனு தப்பிச்சுச்சு" என்றாள்.

உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். வீடியோ, நாய், வாத்து, ஆமை எல்லாவற்றையும் சொன்னார். மயக்கம் பொய் என்பதால் வேண்டுதலும் செல்லாது என்று வாதாடினார். சொர்ணலட்சுமி பொறுமையாகக் கேட்டாள்.

"பொய்யா விழுந்தது நீங்க. நான் நெசமாத்தான கும்பிட்டேன்?"

"இல்லப்பா, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"எங்கிட்டச் சொல்லாதீங்க. மலையேறிப் போயி, முருகா, உன்னய வச்சு விளையாண்டேன்னு நீங்களே அவருகிட்டச் சொல்லிட்டு வாங்க."

ஜெய்தூன் பீவி, சாமி காரியத்துல விளையாட்டு ஆகாது தம்பி என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனது.

தைப்பூசத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் பச்சை உடுத்திக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பழனி ரோட்டில் நடந்தார்கள். ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் மலைச்சாமியின் உள்ளங்கால் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. பெண்டாட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடிய வெளிநாட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டார். அவர்களுக்கு இவ்வளவு தூரம் இருந்திருக்காது.

பழனியில் மொட்டை போடுகிறவர் அந்த முடியைத் தொட்டுப் பார்த்து, இந்த வயசில் இப்படி ஒரு முடியா என்று வியந்தபடியே வழித்தார். அடுத்து மீசைக்குக் கத்தியைக் கொண்டுபோனார். சொர்ணலட்சுமி குறுக்கே கையை நீட்டி, மீசை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மலைச்சாமிக்கு நெஞ்சு குளிர்ந்தது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி அல்லவா, மனசு இளகிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

வெளியே உட்கார வைத்து மொட்டையில் சந்தனம் பூசினாள். அந்தக் குளிர்ச்சியில் அவருக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது.

"அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டேல்ல?"

"கண்ணாடியக் கழட்டி வச்சு, எடம் பாத்து, மார்கழி மாசத்துல ஃபேனையும் போட்டுட்டு மயங்குற ஆள நான் எங்க பாத்திருக்கேன்?"

"அப்ப, என்னய விட்டா யாருமில்லன்னு சொன்னியே, அதுவும் நடிப்புத்தானா?"

சந்தனம் பூசுகிற கை நின்றது.

"முந்தின வருசம் ஐப்பசியில டெங்கு வந்து, பெரியாஸ்பத்திரியில நெனப்பே இல்லாமக் கெடந்தீங்க. வராண்டாவுல உக்காந்து ராவெல்லாம் அழுதேன். அப்ப முருகன்கிட்ட சொன்ன வார்த்தை அது. மொட்டையும் பாதயாத்திரையும் அப்பவே வேண்டுனதுதான். சொன்னா முடிய விட்டுக் குடுப்பீங்களா நீங்க? எப்புடிக் கேக்குறதுன்னு இத்தன நாளாத் தவிச்சேன். நீங்களா வந்து என் முன்னாடி விழுந்தீங்க."

மலைச்சாமிக்கு அந்த ஆஸ்பத்திரி நாட்கள் ஒன்றுமே ஞாபகமில்லை. முடிதானே, மயிரே போச்சு, வளர்ந்துவிடும். மொட்டைத் தலையோடு சாய்ந்து உட்கார்ந்து, ஜெயித்தவர் மாதிரி மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"போகட்டும் விடு. எப்படியோ வேண்டுதல் தீந்துச்சுல்ல?"

"டெங்கு மொட்டை தீந்துச்சு" என்றாள் சொர்ணலட்சுமி. "நீங்க பொய்யா விழுந்ததுக்கு அடுத்த தைப்பூசம். மீசையையும் சேத்து."