டில்லியில் கிழக்கு எந்தப் பக்கம்?

கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாதவர்களை நான் மனிதர்களாகவே மதித்ததில்லை. (இப்போது கொஞ்சம் மதிக்கிறேன். ரொம்ப இல்லை.)

எங்கள் சுரக்குடியில் இடது, வலது என்று யாரும் பேசுவதில்லை. அதெல்லாம் செருப்பு மாட்டும்போது மட்டும்தான். மற்றதற்கெல்லாம் திசைதான். பந்தியில் இடம் இல்லையென்றால் "கொஞ்சம் மேற்கால நகந்து உக்காரு" என்போம். ஒருமுறை காரைக்கால் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒன்று, "முதுகுல எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டது. "தென்னண்டைப் பக்கம்" என்றேன். அது முழித்துவிட்டு என்னை அப்படியே திருப்பி உட்காரவைத்து, "இப்ப?" என்றது. "இப்ப வடவண்டைப் பக்கம்" என்றேன். வலி இடம் மாறுகிறது என்று எழுதிக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட நான்தான் டில்லியில் தொலைந்துபோனேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் விழுந்தவளை எழுப்பிவிட்ட கிழக்கே எதிரில் இருக்கிற கீழண்டை வீட்டு ராசாத்தி, டில்லியில் இருக்கிற என் மகன் குமரவேலுக்குப் போன் போட்டுவிட்டாள். (அவளுக்கு வாய் சும்மா இருக்காது.) அவன் பறந்து வந்தான். வீட்டைப் பூட்டினான். என்னைக் கூட்டிக்கொண்டு போய் டில்லியில் மூன்றாவது மாடியில் உட்காரவைத்துவிட்டான். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"அம்மா, இனிமே நீ இங்கயே இருந்துடு. சுரக்குடி வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்."

தட்டைத் தள்ளிவைத்தேன். வயலில் சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. தை பிறந்தால் அறுப்பு. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான், அதை யாரோ வாடகைக்கு வந்து பூட்டித் திறப்பார்களா?

"ஏன்டா, தனியா இருக்கத் துப்பில்லைன்னு நெனச்சிட்டியா?"

"துப்பு இருக்கும்மா. அதுக்காக..."

"இந்த டில்லியையே தனியா சுத்திட்டு வருவேன்டா நான்."

வாய் தவறி வந்த வார்த்தை. ஆனால் வந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அங்கேயே பேசி முடித்தோம். சனிக்கிழமை காலையில் தனியாகக் கிளம்ப வேண்டும். போன் பண்ணி யாரையும் கூப்பிடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் நானாக வீடு வந்து சேர்ந்தால் ஊருக்கு டிக்கெட். இல்லையென்றால் வீடு வாடகைக்கு.

"எப்படிம்மா திரும்பி வருவ? போர்டெல்லாம் இந்தியில இருக்கும்" என்றான்.

"தமிழ்ல இருந்தா மட்டும் படிச்சிக் கிழிச்சிடப்போறனா?" என்றேன். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். "உன் வீட்டுக்குக் கிழக்கு எதுன்னு மட்டும் சொல்லு, போதும்."

"தெரியலையேம்மா."

பத்து வருஷமாகக் குடியிருக்கிறான். கிழக்கு தெரியவில்லை. எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. இவனையா பெற்றோம் என்று இருந்தது.

நானே கண்டுபிடித்துக்கொண்டேன். காலையில் பால்கனியில் நின்று பார்த்தால் எதிரே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் வருகிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தால் மேற்கே போகிற பெரிய ரோடு. திரும்பும்போது கிழக்கே பார்த்து நடந்தால் வீடு. இவ்வளவுதான் டில்லி.

சனிக்கிழமை என் மருமகள் கலைச்செல்வி என்னை அலங்காரம் செய்தாள். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மகனுடைய ஜெர்கின், தலையில் குரங்குக் குல்லா. காலில் சாக்ஸ், அதற்கு மேல் என் ரப்பர் செருப்பு. செருப்பு வார் நுழைய வேண்டிய இடத்தில் சாக்ஸ் துணி மறித்துக்கொண்டு நின்றதால் நான் வாத்து மாதிரி நடந்தேன். போனை ஜெர்கின் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"பாத்து வாங்க அத்தை. வேலைக்கு ஒரு அம்மா சொல்லிவச்சிருக்கேன், இன்னிக்கு வந்தாலும் வருவாங்க. நான் எங்கயாச்சும் வெளியில போயிருந்தா நீங்க உள்ள வந்து உக்காருங்க, கதவு தொறந்துதான் இருக்கும்."

இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு எமனாக வந்தது. பின்னால் சொல்கிறேன்.

கீழே இறங்கினால் சூரியனைக் காணவில்லை. ஊரையே யாரோ பஞ்சு மூட்டைக்குள் போட்டுக் கட்டியது மாதிரி மூடுபனி. பரவாயில்லை, ரோடு நேர் ரோடு. எங்கள் தெருமுனையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. நாய்க்கு ஸ்வெட்டர்! இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? மனசில் குறித்துக்கொண்டு மேற்கே நடந்தேன்.

நன்றாகத்தான் இருந்தது. பூங்காவில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த கிழவர்களைப் பார்த்தேன். நாலு சுவருக்குள் உட்கார்ந்திருந்த காலுக்கு நடை இதமாக இருந்தது. ஒரு டீக்கடையில் நின்று, "தம்பி, இந்த ரோடு எங்க போவுது?" என்றேன். ஒரு டீ கொடுத்தான். குடித்துவிட்டு, "இல்லப்பா, எங்க போவுதுன்னு கேட்டேன்" என்றேன். ஒரு ரஸ்க்கும் கொடுத்தான். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் என்னவெல்லாம் வந்திருக்குமோ, வயிறு நிறைந்துவிட்டதால் கேட்கவில்லை.

ஒரு நாற்சந்திக்கு வந்தேன். நடுவில் சின்னத் திட்டு. அதன்மேல் ஒரு தகர வாளி, வாளி நிறைய எண்ணெய், எண்ணெய்க்குள் கறுப்பாக ஓர் இரும்பு உருவம். போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். உற்றுப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

நம்ம சனீஸ்வரன்!

திருநள்ளாறு எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். சனிக்கிழமையானால் ஊர் உலகமெல்லாம் அங்கே வந்து விழும். அவரோ இங்கே தனியாக, ஒரு வாளிக்குள், பனியில் நனைந்துகொண்டு நிற்கிறார். சொந்த ஊர்க்காரரை அசலூரில் பார்த்தால் எப்படி இருக்கும்! "நீங்களும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டேன். கார்க்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் கண்டுகொள்ளாமல் திட்டைச் சுற்றி வந்தேன். ஊர்க்காரி என்ற முறையில் கொஞ்சம் தாராளமாகவே சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே வேண்டுதல்தான்: என்னை என் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

சுற்றி முடித்து நிமிர்ந்தேன். நாலு பக்கமும் நாலு ரோடு. நாலிலும் அதே பனி. வந்த ரோடு எது என்று தெரியவில்லை.

பயப்படுகிற ஆளா நான்? (ஆமாம். ஆனால் வெளியில் காட்டமாட்டேன்.) சூரியன் இல்லாவிட்டால் என்ன, தண்ணீர் இருக்கிறதே! எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் கிழக்கேதான் ஓடும். அரசலாறு ஆகட்டும், வயல் வாய்க்கால் ஆகட்டும், துணி துவைத்துக் கொட்டுகிற தண்ணீர் ஆகட்டும், எல்லாம் கடலைப் பார்த்துக் கிழக்கே போகும். ரோட்டோரம் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் டம்ளர் ஜம்மென்று மிதந்து போனது. அதன் பின்னாலேயே நடந்தேன்.

டம்ளர் போனது, நானும் போனேன். வந்ததைவிட நடை கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று தோன்றியது. சாக்ஸ்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் கண்ணில் பட்டது, தெருமுனையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட நாய்! அதைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உள்ளே திரும்பினால் அதே மஞ்சள் கட்டடம், அதே வாசல், அதே படிக்கட்டு. மூன்று மாடி ஏறினேன். சொன்னபடி கதவு திறந்து கிடந்தது.

உள்ளே என் வயதில் ஓர் அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஓ, வேலைக்குச் சொல்லிவைத்த அம்மா வந்தாயிற்று!

"எப்ப வந்த?" என்று கேட்டபடி சோபாவில் உட்கார்ந்தேன். சோபா வேறு நிறமாக இருந்தது. கலைச்செல்விக்கு அடிக்கடி உறை மாற்றுகிற வியாதி உண்டு. சுவரில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் படம், மாலை போட்டு. இது எப்போது வாங்கினாள் என்று யோசித்தேன். சரி, யாராவது மகானாக இருக்கும்.

அந்த அம்மாள் இந்தியில் என்னவோ கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி "அச்சா". சொன்னேன். மறுபடி நீளமாக ஏதோ கேட்டாள். "அச்சா, அச்சா" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பட்டாணிக் கூடையில் பாதியை என் பக்கம் தள்ளினாள். வேலைக்கு வந்தவள் வீட்டுக்காரியிடம் வேலையைத் தள்ளுகிறாளே என்று சுருக்கென்றது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? உரித்தேன். நடுவில் அவள் டீ போட்டுக் கொடுத்தாள். "இஞ்சி தூக்கல்" என்று கண்டித்தேன். வீட்டை நன்றாகப் பெருக்கவில்லை என்றும் தரையைக் காட்டிச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டு, எப்படிப் பெருக்க வேண்டும் என்று செய்தே காட்டினேன். ஹால் முழுவதும்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. போன் அடித்தது. குமரவேல்தான். குரலில் உயிர் இல்லை.

"அம்மா, எங்கம்மா இருக்க?"

"வீட்டுலதான்டா. வந்து எவ்வளவு நேரமாச்சு! டிக்கெட்டப் போடு."

"வீட்டுலயா? நான் வீட்டு ஹால்லதான் நிக்கிறேன்."

ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தேன்.

"எங்கடா நிக்கிற? தெரியலயே?"

"சோபாகிட்ட."

"நான் சோபாவுலதான்டா உக்காந்திருக்கேன்!"

அந்தப் பக்கம் அவன் கலைச்செல்வியைக் கூப்பிடுவது கேட்டது.

"அம்மா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"வேலைக்கு வந்த அம்மா இருக்கு."

"வேலைக்கு வந்த அம்மா இங்க பாத்திரம் தேச்சிக்கிட்டிருக்காங்கம்மா."

அப்போதுதான் சுவரில் இருந்த தலைப்பாகைப் பெரியவரை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

போனை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். முகவரி சொன்னாள் போலிருக்கிறது. மகனும் மருமகளும் ஸ்கூட்டரில் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் குமரவேலிடம் என்னவோ கேட்டாள். அவன் முகம் போன போக்கே சரியில்லை.

"என்னடா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுடா!"

"அவங்களும் வேலைக்கு ஆள் சொல்லிவச்சிருந்தாங்களாம். நீ பெருக்கினது ரொம்பப் பிடிச்சிருக்காம். நாளைக்குக் காலையிலயே வந்துடணுமாம்."

கலைச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுரக்குடியில் சொந்த வயலில் ஆள் வைத்து நடவு நட்டவள் நான். விஷயம் புரிந்ததும் அந்த அம்மாள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உரித்த பட்டாணியில் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினாள். (என் சம்பளம் என்று இன்றுவரை சொல்கிறார்கள்.)

"தண்ணி கிழக்கதானடா ஓடணும்?" என்றேன் வழியில். அதுதான் எனக்கு ஆறவில்லை.

"யமுனை நம்ம வீட்டுக்கு மேற்கால இருக்கும்மா. சாக்கடை அங்கதான் போவும்."

மேற்கால! பத்து வருஷத்தில் முதல்முறையாக அவன் வாயில் திசை வந்தது. நான் தொலைந்ததற்கு அந்த ஒரு பலன்.

"அப்ப அந்த நாய்?" என்றேன்.

"குளிருன்னா இங்க எல்லா நாய்க்கும் யாராச்சும் ஸ்வெட்டர் மாட்டிவிட்டுடுவாங்க அத்தை" என்றாள் கலைச்செல்வி.

வீட்டில் பஞ்சாயத்து. குமரவேல் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்து சேரணும்னுதானே பேச்சு? சேந்தனா இல்லையா? யார் வீடுன்னு நீ சொல்லவே இல்ல."

"அம்மா, இது அநியாயம்."

வழக்கு என் பக்கம் நிற்காது என்று எனக்கே தெரியும். வயல், வீடு எல்லாம் கண்முன் வந்து நின்றன. பட்டாணிப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது கலைச்செல்விதான் சொன்னாள்.

"அத்தைய ஊருக்கே அனுப்பிடுங்க. கொல்லையில விழுந்தா ஓடிவந்து தூக்க அங்க ராசாத்தி அக்கா இருக்காங்க. இங்க விட்டா நாளைக்கு வேற வீட்டுல வேலைக்குச் சேந்துடுவாங்க."

டிக்கெட் போட்டான். அறுப்புக்கு வந்துவிட்டேன்.

இப்போது தினம் சாயங்காலம் போன் வருகிறது. "அம்மா, எங்க இருக்க?" "வீட்டுல." "யார் வீட்டுல?" இதைக் கேட்காமல் அவன் போனை வைப்பதில்லை. பின்னால் கலைச்செல்வி சிரிக்கிற சத்தம் கேட்கும். சொந்தக்காரர் கல்யாணத்திலும் இதே கேள்விதான், சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கின்றன.

நேற்றும் கேட்டான்.

"யார் வீட்டுல?"

ராசாத்தி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பாதி என் மடியில் இருந்தது.

"கீழண்டை வீட்டுலடா" என்றேன்.