ஏரியில் சங்கரா

சனிக்கிழமை விடிந்தபோது அரிகிருஷ்ணன் குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தை உள்ளே முக்கி மூச்சடக்கிப் பழக வேண்டும் என்பது திட்டம். மூக்கு நனைந்ததோடு சரி, அதற்கே இருமல் வந்துவிட்டது.

"பக்கெட்டுக்கே இப்டி நடுங்குறீங்களே, ஏரியில போயி இன்னா பண்ணப்போறீங்க?" என்றாள் மனைவி சுமலதா, துண்டை நீட்டியபடி.

"டென்ஷன் ஏத்தாத. எல்லாம் உங்களுக்காகத்தான்."

அது பொய்யில்லை. அரிகிருஷ்ணன் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியின் செஞ்சிக் கிளையில் கணக்கர். கிளையிலிருந்து யாரோ ஒருவரைத் தூரமாக மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு. சுமலதாவுக்கு அவலூர்பேட்டையில் பள்ளிக்கூட வேலை, மகள் கலைமதிக்கு இந்த வருஷம் பிளஸ் டூ. இந்த நேரத்தில் மாற்றல் வந்தால் குடும்பம் ஆளுக்கொரு திசையில்தான் நிற்கும்.

வழி சொன்னவன் பக்கத்து மேசை இளவரசன். "நம்ம மேனேஜர் ராமச்சந்திரன் சாரு மீன் பைத்தியமாம் சார். ஒரு மாசமா விழுப்புரத்துலேர்ந்து கெளம்பி ஏரி ஏரியா சுத்துறாராம். அவரு வரசொல்ல அந்தப் பக்கமா ஒரு வார்த்தை போட்டு வைங்க."

மேனேஜர் புதன்கிழமை வந்தார். ஒரு வார்த்தை போடவேண்டிய இடத்தில் அரிகிருஷ்ணன் ஒரு மூட்டையே அவிழ்த்துவிட்டார். "நான் ஏரியிலயே வளர்ந்தவன் சார். தூண்டில் போடாம எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போனதில்ல."

மேனேஜர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? அப்ப இந்த சனிக்கிழமை உங்களோட நானும் வர்றேன்."

அரிகிருஷ்ணனுக்கு மீனைக் குழம்பில்தான் பழக்கம். நீச்சல் தெரியாது. தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் குலதெய்வத்தைக் கூப்பிடுகிறவர்.

ஆகவே ஏரியில் மீன் பிடிக்கும் தங்கராசுவிடம் போய் உண்மையைச் சொல்லி அழாத குறையாக நின்றார். தங்கராசு பீடியை அணைத்தான்.

"இன்னா பெரிய விசயம் சார். உசுரோட ஒரு வெராலு ஈரச்சாக்குல சுத்தி எடுத்தாறேன். உங்க சாரு அந்தாண்ட பாக்கசொல்ல தூண்டில்ல மாட்டி வுட்டுர்றேன். நீங்க இழுத்தா போதும்."

சனிக்கிழமை காலை படகு கிளம்பியது. தங்கராசு கழி ஊன்றினான். தூண்டில் நூலைப் பின்னால் விட்டு, படகை மெல்ல ஓட்டி, இழுத்துக்கொண்டே போவது ஏற்பாடு. ராஜகிரிக் கோட்டையின் நிழல் தண்ணீரில் ஆடியது. அது ஆடியதா படகு ஆடியதா என்று அரிகிருஷ்ணனுக்குப் பிடிபடவில்லை. படகின் அடியில் சம்மணமிட்டு, இரண்டு பக்கமும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்படித்தான் உட்காரணுமா?" என்று மேனேஜர் மரியாதையோடு கேட்டார்.

"ஆமா சார். மேல உக்காந்தா மீனு பாத்துரும்."

மேனேஜரும் கீழே இறங்கி உட்கார்ந்தார். கேள்விகள் ஆரம்பித்தன. "இந்த ஏரி மீனெல்லாம் என்னதான் சாப்பிடும்?"

அரிகிருஷ்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் மாடு சாப்பிடுவது. "தவிடு, கடலைப் புண்ணாக்கு சார். கொஞ்சம் தாது உப்பு சேத்தா பளபளன்னு இருக்கும்."

மேனேஜர் தலையை ஆட்டியபடி வெகுநேரம் யோசித்தார். மாட்டிக்கொண்டோம் என்று அரிகிருஷ்ணன் நினைத்தார். தங்கராசுவுக்குக் கண்ஜாடை காட்டினார். மேனேஜர் கோட்டைப் பக்கம் திரும்பிய நேரத்தில் காரியம் முடிந்தது. அரிகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டு நூலை இழுத்தார்.

விரால் முழங்கை நீளம். வந்த வேகத்தில் துள்ளி, நேராக அவருடைய சட்டைக்குள் போய் விழுந்தது. அரிகிருஷ்ணன் ஒரு சத்தமும் போடாமல், கூச்சமும் பயமும் ஒன்றாகத் தாக்க, ஏரிக்குள் விழுந்தார்.

சாகப்போகிறோம் என்று முடிவு செய்து காலை உதைத்தபோது தரை தட்டியது. இடுப்பளவு தண்ணீர்தான். எழுந்து நின்றவரின் சட்டைக்குள்ளிருந்து விராலின் தலை எட்டிப் பார்த்தது.

"மீனு தப்பிக்கப் பார்த்ததும் குதிச்சே பிடிச்சிட்டீங்களே," என்றார் மேனேஜர். குரலில் பக்தி இருந்தது. "நாளைக்கும் வர்றேன். போன்ல வீடியோ எடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை தங்கராசு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "வெராலு ஒண்ணுகூட இல்ல சார். ராத்திரியே புதுச்சேரி வியாபாரி அள்ளிக்கினு பூட்டான்."

அரிகிருஷ்ணன் மீன் கடைக்கு ஓடினார். பெரியதாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. மீனின் முகத்தைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு வந்தார். நடு ஏரியில், மேனேஜர் டிபன் டப்பாவைத் திறந்த நேரம் பார்த்து, தானே அதைத் தூண்டிலில் மாட்டித் தண்ணீரில் விட்டார்.

"வந்துடுச்சி சார், எடுங்க வீடியோ."

இழுத்தார். செக்கச்செவேல் என்று ஒரு மீன் தொங்கியது. துள்ளவில்லை.

தங்கராசு கழியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிவப்பா இருக்கே. இது என்ன மீன்?"

"சங்கரா சார்." சொன்ன பிறகுதான் அரிகிருஷ்ணனுக்கு உறைத்தது.

"சங்கரா கடல் மீனாச்சே. செஞ்சி ஏரியில எப்படி?"

அரிகிருஷ்ணனின் கண் முன்னால் சுமலதாவும் கலைமதியும் பெட்டி படுக்கையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். வாய் தானாகப் பேசியது. "குஞ்சா வாங்கியாந்து விட்டேன் சார். கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணிக்குப் பழக்கினேன். தீவனத்துலதான் சார் சூட்சுமம் இருக்குது."

"துள்ளவே இல்லையே?"

"ஆளுங்களுக்கும் பழகிடுச்சி சார்."

மேனேஜர் வீடியோவை நிறுத்தினார். கரை சேர்ந்ததும் புளியமரத்துப் பக்கமாகத் தனியே போய் யாருக்கோ போன் செய்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவில் இவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.  வேலையே போயிற்று என்று அரிகிருஷ்ணன் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த மேனேஜர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க அருமை இத்தனை வருஷமா எங்களுக்குத் தெரியாமப் போச்சே, அரிகிருஷ்ணன்." சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவினார்.

அரிகிருஷ்ணன் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "சுமலதா, தப்பிச்சோம். சாரு மனசுல எடம் பிடிச்சிட்டேன். இனிமே யாரும் என்ன அசைக்க முடியாது. கலைமதிகிட்டயும் சொல்லு."

மேனேஜரின் கார் ஓட்டுநர் தனகோட்டி சாமான்களை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தான். அரிகிருஷ்ணன் கனிவோடு அவன் தோளில் கை வைத்தார். "உங்க சாருக்கு மீன்னா ரொம்ப உசுரு போல?"

"அவரு சுத்த சைவம் சார்," என்றான் தனகோட்டி. "வேதாரண்யத்துல புதுசா மீன் தீவன ஆபீஸ் தொறக்குறாங்க, மீனைப் பத்தித் தெரிஞ்ச ஆளு கெடைக்கலன்னு ஒரு மாசமா ஏரி ஏரியா தேடுனாரு, இப்பதான் உங்க பேரைச் சொல்லி நாளைக்கே ஆர்டர் அடிக்கச் சொன்னாரு."