பெரியப்பாவும் சாய்ந்த தூண்களும்

டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பிடரி வேர்க்கும். யாரோ எங்கோ கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், அவ்வளவுதான். நானோ இருபத்தொன்பது வயதில், ஊரப்பாக்கத்து இரண்டாம் மாடியில், அரைக்கால் சட்டையோடு சுவரில் கோடு இழுத்துக்கொண்டிருப்பேன்.

பத்துக்குப் பத்து ஹால். பெண் பார்த்தாயிற்று, மாலதியை எனக்குப் பிடித்துவிட்டது. ஞாயிறன்று அவள் வீட்டார் என் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். ஹாலை நீட்ட முடியாது, கண்ணை ஏமாற்றலாம் என்று முடிவுசெய்தேன் (வீடியோ பார்த்து வளர்ந்த கலைஞன்). சுவர், மூலை, தரை மூன்றிலும் துண்டு துண்டாக வரைந்தேன். வாசலோரம் போட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் எல்லாம் ஒன்றுசேர்ந்து தூண்கள் நிற்கும் நீண்ட வராந்தா, அதன் கடைசியில் ஏரி. ஒரு முழம் நகர்ந்தால் குளறுபடி. அதே கோடு, அதே சுவர். கண் எந்த இடத்தில் நம்பத் தொடங்குகிறது, எந்த இடத்தில் விடுகிறது? அதைப் பிடிக்க நாள் முழுக்க உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்தேன்.

"வர்றவங்க உன்னைப் பாக்க வர்றாங்களா, செவுத்தைப் பாக்க வர்றாங்களா?" என்றாள் அம்மா.

அந்த நாற்காலி மாலதியின் பெரியப்பாவுக்கு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் முப்பது வருஷம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். மாலதியையும் வீட்டாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். மே மாத வெயிலில் வந்த எந்த மனுஷனும் செய்வதைச் செய்தார்: நாற்காலியை இழுத்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

தூண்களெல்லாம் இடப்பக்கம் சரிந்தன. ஏரி தரையில் வழிந்தது.

"இது ஏரியை மூடிக் கட்னதா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். "பில்டிங் எறங்கிக்கினு கீது. எல்லாம் கெளம்புங்க."

படம், வெறும் படம் என்று நான் கத்தியதை யார் கேட்டார்கள்? மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான். இறங்கும் வழியில் ஒவ்வொரு கதவையும் தட்டினார். குக்கரை அணைத்துவிட்டு வந்தவர்கள், தலையில் ஷாம்புவோடு வந்தவர்கள் என்று எட்டு வீட்டு ஜனமும் வெயிலில் நின்று, அசையாத கட்டடத்தை அண்ணாந்து பார்த்தது. அரைமணி கழித்து அவரே வேனிலிருந்து, சுவரின் சாய்வு பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துவந்து சுவரோரம் பிடித்தார். நூலளவு சாய்வில்லை.

"செவுரு நேராத்தாம்மா கீது. புள்ளதான்..." என்று அம்மாவிடம் பாதியில் நிறுத்தினார்.

(எங்கள் வீட்டில் யார் எதற்குப் பயந்தாலும், "மொதல்ல நாற்காலியை நகத்திப் பாரு" என்பது அன்று பிறந்த வசனம்.)

அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரும் வேனில் ஏறினார்கள். நாளைக்கே வெள்ளை அடித்துவிடுகிறேன் என்று ஜன்னலோரம் நின்று கெஞ்சினேன். பெரியப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டிலிருந்து மாலதி தலையை நீட்டினாள்.

"அடிக்காதீங்க. நான் இன்னும் உக்காந்து பாக்கலை."