கரடிக்குட்டிக்கு வந்த தள்ளுவண்டி

ஒரு காட்டில் ஒரு கரடி பிள்ளை பெற்றது. பெற்றதில் ஒரு சிரமமும் இல்லை. பெற்ற பிள்ளையை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதில்தான் காட்டுக்கே தூக்கம் போயிற்று.

பெற்றவள் பேர் மூக்காயி. மலைச்சரிவில் ஒரு குகையில் குட்டியோடு முடங்கிக் கிடந்தாள். குட்டி இப்போதுதான் கண் திறந்திருந்தது. பார்க்க வந்த சனம் கண்பட்டுவிடக் கூடாதே என்று கன்னத்தில் மைப்பொட்டு வைத்தது. கரடிக்குட்டிக்குக் கறுப்புப் பொட்டு வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? பிறகு எவளோ எங்கேயோ சுண்ணாம்பு தேடிக் கொண்டுவந்து வெள்ளையாக வைத்தாள். மூக்காயிக்கு இருந்த பசியில் அதை நக்கிவிட்டாள். நாக்கு எரிந்தது. இருந்தாலும் வாயில் ஒன்று பட்டதே என்று இருந்தது.

பசிக்குக் காரணம் பத்தியம். பத்தியத்துக்குக் காரணம் மாமியார் ஒச்சம்மா. தேன் சூடு என்றாள். பலாப்பழம் வாயு என்றாள். கரையான் குளிர்ச்சி என்றாள். கரடி தின்பதே இந்த மூன்றுதான். மிச்சம் இருந்தது வேப்பங்கொழுந்து. மூக்காயி அதைத் தின்றாள். அவளுக்கென்று வந்த தேன் வீணாகிவிடக் கூடாதே என்று அவள் புருஷன் வெள்ளையன் தின்றான். நெஞ்சில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அதை வைத்து இட்ட பேர். பிள்ளை பெற்ற வீட்டில் உடம்பு தேறினது அவன் ஒருவனுக்குத்தான்.

இந்தப் பத்தியத்துக்கு ஒரு முடிவும் உண்டு. தாய் தன் குட்டியைக் கொண்டு முதல் தடவை வாசலைத் தாண்டிவிட்டால் பத்தியம் முறிந்தது. அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் தின்னலாம். ஒச்சம்மாவே ஒன்றும் சொல்ல முடியாது.

அன்றைக்கு மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டது. மண்வாசனை குகைக்குள் வந்தது. மூக்காயி மூக்கைத் தூக்கினாள். சரிவுக்கு அடியில் ஒரு பெரிய கரையான் புற்று இருக்கிறது. முதல் மழை விட்ட அந்தியில் அதிலிருந்து ஈசல் கிளம்பும். ஒரே ஒரு பொழுதுதான். இருட்டுவதற்குள் போனவளுக்கு உண்டு, போகாதவளுக்கு அடுத்த வருஷம்.

"அத்தை, நான் இன்னைக்கு வாசலைத் தாண்டுறேன்" என்றாள்.

"நல்ல நாள்தான். தாண்டு" என்றாள் ஒச்சம்மா.

மூக்காயி குனிந்தாள், குட்டி முதுகில் தொற்றப் போனது. அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தான் அவள் தம்பி தவசி.

"அக்கா, நில்லு, நில்லு! மருமகனுக்கு மாமன் சீர் கொண்டாந்திருக்கேன்!"

அவன் தலையில் ஒரு தள்ளுவண்டி இருந்தது. மனுஷக் குழந்தைகளைப் படுக்கவைத்துத் தள்ளுவார்களே, அந்த வண்டி. நாலு சக்கரம், மேலே குடை மாதிரி ஒரு மறைப்பு, இடுப்புக்கு ஒரு பெல்ட், கைப்பிடியில் தம்ளர் வைக்க ஒரு வளையம்.

"வண்டியை எதுக்குப்பா தலையில சொமந்துட்டு வர்ற?" என்று கேட்டாள் ஒச்சம்மா.

"பாதை சரியில்ல அத்தை."

கீழே இறக்கினான். எல்லோருமாகத் தள்ளிப் பார்த்தார்கள். சக்கரம் சுற்றவில்லை. பின் சக்கரத்தில் சிவப்பாக ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"புது வண்டி. போகப் போகப் பழகிரும்" என்றான் தவசி.

"எங்கடா புடிச்ச இதை?" என்றாள் மூக்காயி.

"மேல, சுத்திப் பாக்க வர்ற சனம் நிக்கிற பாறையில. குரங்கு வந்து பையைப் புடுங்குச்சு. புருசனும் பொஞ்சாதியும் பிள்ளையோட ஓடிட்டாக. வண்டி நின்னுச்சு."

"வண்டிக்குள்ள இருந்தா பிள்ளைய எடுத்துட்டு ஓடுனாக?"

"இல்லக்கா. பிள்ளை அது ஆத்தா இடுப்புல இருந்துச்சு. வண்டிக்குள்ள ரெண்டு பை, தண்ணி பாட்டில், ஒரு பலாப்பழம்."

இந்த இடத்தில் யாராவது கொஞ்சம் யோசித்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். மூக்காயி யோசித்தது வேறு.

"அந்தப் பலாப்பழம் எங்கடா?"

தவசி வண்டியின் குடையைத் தட்டித் தூசி விட்டான். "தலையில ரொம்பக் கனமா இருந்துச்சுக்கா" என்றான்.

சரி, வண்டி வந்தாயிற்று. தாய்மாமன் சீரை வேண்டாம் என்று திருப்பினால் சம்பந்தம் முறிந்துவிடும். அது ஒச்சம்மாவுக்குத் தெரியும். அதனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சீர் நல்ல சீர்தான். யாரு இல்லேங்குறா? எங்க வம்சத்துல பிள்ளையை முதுகுல சொமந்துதான் பழக்கம். வெள்ளையனை நான் முதுகுலதான் வளத்தேன். இன்னைக்கு எப்படி இருக்கான் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளையன் தேனடையைத் திருப்பிப் பிடித்து அடியில் நக்கிக்கொண்டிருந்தான்.

"அத்தான் எத்தனை வருசம் முதுகுல இருந்தாரு?" என்றான் தவசி.

"கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் எறங்குனான். அதுல என்ன கொறஞ்சுபோச்சு?"

இப்படி ஆரம்பித்தது. சத்தம் கேட்டு மரத்திலிருந்து செல்லாத்தா என்கிற மந்தி இறங்கி வந்தாள். வயிற்றோடு ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"முதுகும் வேணாம், வண்டியும் வேணாம். வயித்தோட கட்டிக்கணும். அப்பத்தான் பிள்ளை மொகத்தை நாம பாக்கலாம். பின்னாடி இருந்தா எவனாவது புடுங்கிட்டுப் போனாக்கூடத் தெரியாது."

"புடுங்குறதைப் பத்திப் பேச வந்துட்டா. பாறையில பையைப் புடுங்குனது யாருடி?" என்றாள் ஒச்சம்மா.

"அது என் நாத்தனா."

குளத்திலிருந்து முதலை ஒன்று, "எங்க வீட்டுல எல்லாம் வாயில வச்சுத்தான்..." என்று ஆரம்பித்தது. முழுசாகக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. மூக்காயி வாசலைப் பார்த்தாள், ஈரச் சரிவைப் பார்த்தாள். 'நாலு எட்டு வச்சா வாசல். வாசலைத் தாண்டுனா சோறு. நடுவுல இத்தனை பேரு உக்காந்திருக்காகளே' என்று நினைத்தாள்.

"ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

வெள்ளையன் வாயைத் துடைத்துக்கொண்டான். "அம்மா சொல்றதும் சரிதான். மச்சான் சொல்றதும் சரிதான்."

"செல்லாத்தா சொல்றது?"

"அதுவும் சரிதான்."

கடைசியில், படித்தவர்களைக் கேட்போம் என்று முடிவானது. காட்டில் படித்தது யார்? பவளம் என்கிற கிளி. அது பள்ளிக்கூடம் போகவில்லை. பயணிகள் தங்கும் விடுதி சன்னலில் உட்கார்ந்து, அவர்கள் போனில் பார்க்கிற பிள்ளை வளர்ப்பு வீடியோ எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வந்த அறிவு. அதற்குப் பிள்ளையும் இல்லை, கூடும் இல்லை. அதனால் பாரபட்சம் இருக்காது என்று காட்டில் நல்ல பேர்.

பவளம் வண்டியின் குடைமேல் உட்கார்ந்து தொண்டையைச் செருமியது.

"வணக்கம் அம்மாக்களே. குழந்தையை வண்டியில மல்லாக்கவே படுக்க வச்சா மண்டை தட்டையாகிடும்."

"கேட்டுக்கோ!" என்றாள் ஒச்சம்மா.

"முதுகுல சுமந்தா குழந்தையோட மூச்சை நீங்க கவனிக்க முடியாது."

"இதையும் கேட்டுக்கங்க அத்தை" என்றான் தவசி.

"வயித்தோட கட்டினா, காலு ரெண்டும் 'எம்' எழுத்து மாதிரி மடங்கி இருக்கணும்."

செல்லாத்தா தன் குட்டியின் காலைக் குனிந்து பார்த்தாள். "அந்த எழுத்து எப்படி இருக்கும்?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லத்தான் தெரியும்."

மூக்காயி கேட்டாள்: "அப்ப நான் என்னதான் செய்யட்டும் பவளம்?"

"ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி. உங்க டாக்டரைக் கேளுங்க" என்றது கிளி. "பிடிச்சிருந்தா மறக்காம மணியை அழுத்துங்க" என்றும் சொன்னது. காட்டில் மணி இல்லை.

அப்போது ஒரே ஒரு ஈசல் தத்தித் தத்திப் பறந்து குகைக்குள் வந்தது. மூக்காயிக்குக் கண் நிறைந்துவிட்டது. புற்று திறக்கப் போகிறது, இது முன்னால் வந்த ஆள். அது நேராக அவள் மூக்குப் பக்கமாகத்தான் வந்தது. வாயைத் திறந்தாள். பக்கத்திலிருந்து வெள்ளையன் நாக்கை நீட்டினான்.

ஈசலைக் காணோம்.

"உனக்குப் பத்தியம்ல" என்றான்.

மூக்காயி எழுந்து நின்றாள். "ஏதாச்சும் ஒன்னைச் சொல்லித் தொலைங்க! முதுகுன்னா முதுகு, வண்டின்னா வண்டி, வாயின்னா வாயி! பிள்ளை எப்படிப் போகணும்னு இத்தனை பேரு பேசுறீகளே, பெத்தவ சாப்பிட்டாளான்னு ஒரு நாதியும் கேக்கல. எனக்குப் பசிக்குது!"

எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். ஒச்சம்மாதான் முதலில் பேசினாள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமைங்கிறதே இல்ல. சரி, ஒரு முடிவு பண்ணுவோம். இந்த வண்டி தாங்குமா தாங்காதான்னு முதல்ல நான் உக்காந்து பாக்குறேன். என்னையே தாங்கலேன்னா என் பேரனை எப்படித் தாங்கும்?"

இதில் என்ன கணக்கு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. வயசில் பெரியவள், விட்டுவிட்டார்கள். வண்டியை வாசலுக்கு வெளியே சரிவுமேட்டில் தூக்கி வைத்தார்கள். ஒச்சம்மா முதலில் ஒரு பக்கத்தை நுழைத்தாள். மறுபக்கத்தைத் தவசியும் வெள்ளையனும் அமுக்கினார்கள். வண்டி முனகியது, ஆனால் உடையவில்லை.

"பெல்ட் போடுங்க. பாதுகாப்பு முக்கியம்" என்றது கிளி.

வயிற்றை இழுத்துப் பிடித்துப் பெல்ட்டை மாட்டினார்கள். ஒச்சம்மா குடைக்கு அடியிலிருந்து எல்லோரையும் பார்த்தாள்.

"தள்ளுங்கடா."

தள்ளினார்கள். அசையவில்லை.

"பாத்துக்கிட்டீகளா? ஒரு முழம் நகரல. இதுல என் பேரன் ஊரு போய்ச் சேர்ந்தாப்புலதான். நான் அப்பவே சொல்லல?" செயித்த சந்தோஷத்தில் பின்னங்காலைத் தூக்கி, "இதெல்லாம் ஒரு வண்டியா!" என்று சக்கரத்தில் ஒரு உதை விட்டாள்.

சிவப்புத் தாழ்ப்பாள் டக் என்று மேலே போனது.

வண்டி முதலில் மரியாதையாகத்தான் கிளம்பியது. "ஏய், ஏய், யாருடா தள்ளுறது?" என்றாள் ஒச்சம்மா. யாரும் தள்ளவில்லை. மழை விட்ட சரிவு, வழுவழுவென்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. கீழே போய்க்கொண்டிருந்த குடைதான் தெரிந்தது.

"அம்மா!" என்று வெள்ளையன் தேனடையைப் போட்டுவிட்டு ஓடினான். தவசி ஓடினான். கிளி, "பதற்றப்படாதீங்க, பதற்றப்படாதீங்க" என்று கத்திக்கொண்டே பறந்தது. மூக்காயியும் ஓடினாள். மாமியார் போகிறாளே என்று ஓடினாளா, போகிற திசையைப் பார்த்து ஓடினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பாதிச் சரிவில்தான் தோள் மயிரை ஏதோ இறுக்குகிற மாதிரி இருந்தது. குட்டி முதுகில் இருந்தது. ஏறு என்று யாரும் சொல்லவில்லை. காடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறிவிட்டிருக்கிறது.

வாசலைத் தாண்டியாயிற்று. பத்தியம் முறிந்தது.

வண்டி நேரே போய்ப் புற்றில் முட்டியது. ஈரப் புற்று, பொல்லென்று பிளந்தது. உள்ளேயிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்பியது. அந்தி வெளிச்சத்தில் ஆயிரம் இறக்கை மின்னியது. மூக்காயி போய் நின்றாள், வாயைத் திறந்தாள். யாரையும் கேட்கவில்லை. வெள்ளையன் மூச்சுவாங்க வந்து பக்கத்தில் நாக்கை நீட்டினான். அவள் ஒரு உறுமல் உறுமினாள். அவன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வயிறு நிறைந்த பிறகுதான் மாமியார் ஞாபகம் வந்தது.

ஒச்சம்மா வண்டிக்குள்ளேயே இருந்தாள். ஒரு கீறல் இல்லை. காதிலும் குடையிலும் ஈசல் அப்பியிருந்தது. என்ன பேச்சு பேசப் போகிறாளோ என்று எல்லோரும் கையைக் கட்டி நின்றார்கள்.

ஒச்சம்மா ஒரு ஈசலை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"காத்து நல்லா வந்துச்சு" என்றாள்.

வெள்ளையன் குனிந்தான். "பெல்ட்டக் கழட்டட்டுமாம்மா?"

"எதுக்கு? மேல தள்ளிட்டுப் போ. மறுபடியும் ஒரு தடவை வருவோம்."

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். குளத்துக்குப் போனாலும் வண்டி, சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் வண்டி. தம்ளர் வளையத்தில் தேனடை இருக்கும். தள்ளுகிற வேலை வெள்ளையனுக்கு. மேட்டில் தள்ளித் தள்ளி அவன் உடம்பு பாதியாகிவிட்டது. "அத்தான் இப்பத்தான் பாக்க நல்லாருக்காரு" என்றான் தவசி. தான் கொண்டுவந்த சீர் மாதிரி அன்றாடம் ஓடுகிற சீர் இந்தக் காட்டில் உண்டா என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வான்.

ஒச்சம்மாவும் சொல்லிக்கொள்வாள்: "பிள்ளை முதுகுலதான் வளரணும்னு நான் அன்னைக்கே சொன்னேன். அதான் நடக்குது."

வழியில் பார்க்கிறவர்கள் மூக்காயியிடம் கேட்பார்கள்: "ஏண்டி, வீட்டுல அவ்வளவு நல்ல வண்டி இருக்கையில பிள்ளைய ஏன் முதுகுல சொமக்குற?"

"வண்டியில எடம் இல்லக்கா" என்பாள் மூக்காயி. சொல்லிவிட்டு, குட்டியோடு அடுத்த புற்றைப் பார்க்கப் போவாள்.

நீதி: குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கும்போது, மாமியாரின் எடையை விசாரித்து வாங்கவும்.