பட்டு மெத்தையில் சாக்ஸ்

சபேஷ் வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அதை இறக்கிவிட்டு இடது காலைத் தூக்கினார். ஜவுளிக்கடையில் ஏசி ஓடிய பட்டுப் பிரிவின் தரை அப்படிச் சில்லிட்டிருந்தது.

"என்னண்ணே, நடராஜர் மாரி நிக்கிறீங்க?" என்றாள் வாளியோடு வந்த பொன்னி. கடையைக் கூட்டித் துடைப்பவள். தினமும் காலையில் முதலாளி நடேஷின் கல்லாவுக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர் வைப்பதும் அவள்தான். வாஸ்துவாம், வியாபாரம் பெருகுமாம்.

"சுகர்ல நரம்பு கெட்டுப்போச்சாம் பொன்னி. ஏசிக் காத்து பட்டா காலு மரத்துப்போவுது, அப்பறம் ஊசி ஊசியாக் குத்துது. கடலூர் டாக்டரு சாக்ஸ் போடுங்கறாரு. வெந்நியில வெக்கலாமான்னு கேட்டேன். சுட்டாக்கூடத் தெரியாது, வேணாங்கறாரு. யார்கிட்டயும் சொல்லிடாத."

"இந்தக் கடையில எனக்கு இதே வேலையாப் போச்சு," என்று முனகியபடி அவள் போனாள்.

சொல்லக்கூடாததற்குக் காரணம் இருந்தது. கல்லாவில் உட்காருவது நடேஷ் என்றாலும், கடை அவர் மனைவி ஜகதாம்பாளின் அப்பா வைத்தது. உடம்புக்கு முடியாதவர்கள் வாடிக்கையாளர் முன்னால் நிற்கக் கூடாது என்பது அந்தம்மாவின் சட்டம். முட்டிவலி என்று வாய்விட்ட சேல்ஸ்மேன் ஆண்டி இப்போது புவனகிரி குடோனில் துணி மூட்டைகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். சபேஷுக்கோ கல்யாணப் புடவையை விரித்துக் காட்டுவதுதான் உயிர். குடோனில் யாருக்கு விரிப்பது?

மனைவி சிவப்ரியா கொடுத்தனுப்பிய சாக்ஸை எடுத்து மாட்டினார். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஜோடி. புடவை விரித்துக் காட்டும் மெத்தையில் ஏறியதும் வழுக்கி, அடுக்கி வைத்திருந்த புடவைகள் மேல் மல்லாக்க விழுந்தார்.

நடேஷ் கல்லாவிலிருந்தே பார்த்துவிட்டார். "என்னய்யா இது? மகாலட்சுமி ஒக்கார்ற மெத்தை. வெறுங்கால்லதான் ஏறணும். கழட்டு."

கழற்றினார். முதலாளி போன் பேசிய நேரத்தில் ஏசியை இருபத்தாறுக்கு ஏற்றி, ரிமோட்டை ஒரு மாம்பழ மஞ்சள் பட்டின் மடிப்பில் செருகினார்.

கொஞ்ச நேரம் சொர்க்கமாக இருந்தது. பிறகு கல்லாவிலிருந்து குரல் வந்தது. "ரிமோட்டு எங்க? புழுங்குதுய்யா. சரி, அந்தப் பெரிய ஏசியப் போடு பொன்னி."

பெரிய ஏசி நேராக சபேஷின் காலைப் பார்த்து ஊதியது. இதுதான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது. சாக்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்த மாம்பழப் பட்டை ரிமோட்டோடு சேர்த்து விரித்துக் கால்மேல் போட்டு மூடினார்.

அந்த நேரம் பார்த்து குறிஞ்சிப்பாடியிலிருந்து கல்யாணப் பெண்ணோடு அவள் அம்மா மலர்க்கொடி வந்தாள். சபேஷ் உட்கார்ந்த வாக்கிலேயே எட்டி எட்டி நாற்பது புடவை காட்டினார். அவள் கண் ஒரே இடத்தில் நின்றது.

"ஒங்க காலுகிட்ட கெடக்குதே, அந்த மாம்பழக் கலரக் காட்டுங்க."

"அது டேமேஜும்மா."

"எங்க டேமேஜு? பாக்கறேன்."

"இல்லம்மா, அது வித்துப்போச்சு."

"டேமேஜான பொடவைய யாருங்க வாங்குனது?"

அவள் அந்தப் பட்டின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சபேஷ் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு நடேஷ் ஓடிவந்தார். வெள்ளை மெத்தை மேல் அவர் வந்த வழிநெடுக ஈரக் கால் தடம்.

"கால் கழுவிட்டு வந்தேன்," என்றார், யாரும் கேட்காமலே.

அதற்குள் புடவை முழுசாக மலர்க்கொடி கைக்குப் போய்விட்டது. மெத்தை மேல் ரிமோட் விழுந்தது. நட்டநடுவில் பச்சையும் சிவப்புமாக சபேஷின் சாக்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டு கிடந்தன.

நடேஷ் ரிமோட்டை எடுத்தார். ஏசியைப் பதினாறுக்கு இறக்கினார். அப்புறம் அந்தக் கால்களையே வெகுநேரம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "கடை சாத்துனதும் கல்லாவுக்கு வா. தனியாப் பேசணும்."

மலர்க்கொடி அந்தப் புடவையையே எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். சபேஷ் சாக்ஸைக் கழற்றிச் சுருட்டினார். மெத்தையைத் துடைக்க வந்த பொன்னியிடம், "முடிஞ்சுது பொன்னி. நாளையிலேர்ந்து நான் புவனகிரி குடோன்தான்," என்றார்.

பொன்னி துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அட போங்கண்ணே, ஒங்களுக்கு மரத்துப்போற அதே சுகர்லதான் அவருக்குக் காலெல்லாம் எரியுது, அம்மாவுக்குத் தெரிஞ்சா அவரையும் புவனகிரிக்கு அனுப்பிடுவாங்கன்னு வாஸ்து வாளியில கால விட்டுகிட்டு ஒக்காந்திருக்காரு."