கேன்சல் அக்காவும் எத்தியோப்பியா சாம்பலும்

விமான டிக்கெட் விற்றுப் பிழைப்பவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். டிக்கெட்டை விற்ற கையோடு, "இப்ப நீ அவசியம் போயே ஆகணுமா?" என்று வாங்கியவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற ஒரே ஆள் எங்கள் கீழ்க்கட்டளை கேன்சல் அக்காதான். இதை எந்தக் கோர்ட்டில் ஏறி வேண்டுமானாலும் சொல்வேன்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். வயது ஐம்பதுக்கு மேல். தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, காதுக்கு ஒன்றாக இரண்டு போன். கடை போர்டில் 'ஏர் டிக்கெட், ரயில் டிக்கெட், ஜெராக்ஸ்' என்று இருக்கும். அதில் 'ஏர்' மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் இருப்பதாக எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

பட்டம் வந்த கதை எளிது. அவரிடம் டிக்கெட் போட்டுவிட்டு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. போன் வந்துவிடும். "தம்பி, நீ போற அன்னிக்கு வங்கக் கடல்ல இன்னாவோ சுத்துதாம். கேன்சல் பண்ணிடட்டா?" டெல்லி என்றால் மூடுபனி, மும்பை என்றால் மழை. பெங்களூர் என்றால், "இத்தினியூண்டு தூரத்துக்கு எதுக்குப்பா அவ்ளோ மேல ஏறி எறங்கணும், பஸ்ஸு கீதுல்ல?" இப்படிப் பேசியும் கடையில் கூட்டம் குறையவில்லை. நம் சார்பில் கவலைப்பட்டு வைக்க ஓர் ஆள் இருப்பது வசதிதானே!

அக்கா இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பாதி பல்லாவரத்தை மெக்காவுக்கு உம்ரா யாத்திரை அனுப்பி வைத்தவர், தான் மட்டும் போகவில்லை. கேட்டால், "கப்பல் உடட்டும், மொத ஆளா ஏறுறேன்" என்பார்.

எங்கள் பக்கம் சில நாள் விமானம் தாழ்வாகப் போகும். அப்போது அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்துவார். சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் கை இறங்கும். ஒருமுறை டிராபிக் போலீஸ்காரர் ஒருவர், கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதற்காக அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். மேலே விமானம் வந்தது. அக்கா கையை உயர்த்தினார். போலீஸ்காரரும் என்னவோ ஏதோ என்று வாயை மூடிக்கொண்டார். சத்தம் ஓய்ந்ததும் அக்கா, "ம், போயிடுச்சு. இப்ப திட்டுங்க சார்" என்றார். போலீஸ்காரர் எந்த இடத்தில் விட்டோம் என்பதை மறந்துபோய், தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

இன்னொரு பழக்கம், துணை சேர்ப்பது. ஒரே விமானத்தில் தன் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் போனால், அடுத்தடுத்த சீட்டாகப் பார்த்துப் போட்டுவிடுவார். "மயக்கம் கியக்கம் வந்தா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கலாம்ல?" அப்படித்தான் கோவிலம்பாக்கத்தில் காம்பவுண்டுச் சுவருக்காக வருஷக்கணக்கில் பேசாமலிருந்த இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களைத் துபாய் வரை தோளோடு தோள் உட்கார வைத்தார். பாவம், அவருக்குத் தகராறு தெரியாது. நடுவிலிருந்த கைப்பிடி யாருடையது என்று போகும் வழியெல்லாம் முழங்கைச் சண்டை. இறங்கும்போது விமானம் தூக்கித் தூக்கிப் போட்டதில், இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்களாம். சுவர் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. பேச்சுவார்த்தை மட்டும் வந்துவிட்டது.

இந்த அக்காவுக்கு ஒரே சீடர் என் அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி, வேளை தவறாமல் இன்சுலின். காலையில் பேப்பர் முடிந்ததும் அக்கா கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். வானத்தில் நடக்கக்கூடிய கெட்டதையெல்லாம் அக்கா வீடியோ வீடியோவாகப் போட்டுக் காட்டுவார். அப்பா, "அடேங்கப்பா" என்பார். இருவருக்கும் பொழுது இனிமையாகக் கழியும்.

லண்டனில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க அப்பா போனது போன வருஷம்தான். போகும்போது தங்கை கணவர் கூட இருந்தார். திரும்பும்போது தனி ஆள். மஸ்கட்டில் விமானம் மாற வேண்டும். மஸ்கட்டிலிருந்து சென்னை வரை பக்கத்துச் சீட்டில் ரேவதி என்ற கேளம்பாக்கத்துப் பெண்ணை அக்கா துணைக்குப் போட்டிருந்தார். அந்தப் பெண் அங்கே ஒரு வேலையாகப் போயிருந்தாள்.

அப்பா வரவேண்டிய அன்று காலை, அக்கா ஸ்கூட்டரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் சாம்பல் நிறத் தூசி.

"வந்துடுச்சு தம்பி."

"என்னக்கா வந்துடுச்சு?"

"எத்தியோப்பியா சாம்பல். எரிமலை வெடிச்சிருக்கு. என் வண்டி சீட்டு பூரா அதான்."

"அது மெட்ரோவுக்கு ரோடு தோண்டுற தூசிக்கா."

"அது வேற தூசி, இது வேற தூசி. எனக்குத் தெரியாதா?"

டிவியைப் போட்டேன். தூசி பொய்யாக இருக்கலாம், எரிமலை நிஜம். எத்தியோப்பியாவில் எத்தனையோ காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த மலை வெடித்து, அந்தச் சாம்பல் மேகம் கடல் தாண்டி ஓமன் பக்கமும் இந்தியாவின் பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தது. விமானங்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா மஸ்கட்டில் இறங்கிவிட்டார். அங்கிருந்து சென்னை வரும் விமானம் ரத்து. இந்தச் செய்தியை அப்பா பெற்ற பிள்ளையான எனக்குச் சொல்லவில்லை. அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்திருக்கிறார்.

எல்லோரையும் ஓட்டலில் தங்க வைத்திருந்தார்கள். அக்கா எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அப்பாவிடம் போனில் பேசினார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து நான் காபி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"அது நம்ம அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லப்பா. பாறையும் கண்ணாடியும் பொடிப்பொடியா ஆன தூளு. இன்ஜினுக்குள்ள போனா அந்தச் சூட்டுல உருகி, கடலை மிட்டாய் பாகு மாதிரி அப்பிக்கும். அப்புறம் இன்ஜின் மூச்சு உடாது. ராத்திரியில கண்ணுக்கும் தெரியாது, ரேடார்லயும் தெரியாதாம். முன்னாடி கண்ணாடியத் தேச்சு உட்டுடும், பைலட்டுக்கு ரோடே தெரியாது."

"மேல ஏதும்மா ரோடு?" என்று கேட்டார் அப்பா.

"பேச்சுக்குச் சொல்றேன்ப்பா."

போனைப் பிடுங்கி, "இன்சுலின் இருக்கா?" என்று கேட்டேன். கைப்பையில் இருந்தது மறுநாள் காலை வரைக்கும்தான் வரும். மற்றதெல்லாம் பெரிய பெட்டியில். பெட்டி விமான நிலையத்தில் எங்கோ. ரேவதி மருந்துக் கடையில் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த ஊர் டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றுவிட்டார்கள். காபி ஆறிப்போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் காலை நல்ல செய்தி. மேகம் நகர்ந்துவிட்டது, விமானம் கிளம்புகிறது. அப்பாடா என்று உட்காருவதற்குள் ரேவதியின் போன்.

"அண்ணா, அங்கிள் வர மாட்டேங்கறாரு. வெளியில பஸ் நிக்குது, எல்லாரும் ஏறிட்டாங்க. இவர் மட்டும் லாபி சோபாவுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு."

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அப்பா, என்ன விளையாட்டு இது? கிளம்புங்க."

"அந்த மேகம் போயிடுச்சுன்னு நீ போய்ப் பாத்தியா? கண்ணுக்கே தெரியாதாம். பாகு மாதிரி அப்பிக்குமாம். நான் ரெண்டு வாரம் கழிச்சு வரேன்."

"இன்சுலின் தீந்துபோச்சுப்பா!"

"உனக்கு ஒண்ணும் தெரியாதுடா. அந்த டிக்கெட் கடைப் பொண்ணைக் கேளு, சொல்லுவா."

போனைக் காதில் வைத்தபடியே கடைக்கு ஓடினேன். அக்கா ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். அக்கா யோசித்துவிட்டு, "அவர் சொல்றதும் கரெக்ட்டுதானே தம்பி?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, காலையில போட்டதோட மருந்து தீந்துபோச்சு. பெட்டி ஃப்ளைட்ல ஏறிடும், அவர் அங்கேயே உக்காந்திருப்பார். மயங்கி விழுந்தா அந்த ஊர்ல யாருக்கா இருக்காங்க?"

அக்காவின் முகம் மாறியது. ஸ்டூலில் உட்கார்ந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நான்தான் பேசுறேன். ஏறுங்க."

அப்பா கேட்டார்: "நீயாம்மா ஏறச் சொல்ற? நீயா இருந்தா ஏறுவியா?"

ஏறுவேன் என்று ஒரு பொய் சொல்லுங்கள் அக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். முக்காட்டைச் சரி செய்தார்.

"மாட்டேன்ப்பா. எனக்கு பயம்."

போச்சு என்று நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அக்கா நிறுத்தவில்லை.

"நான் பயந்தா இன்னாப்பா, கடையில உக்காந்துகினு பயப்படுவேன். அதுக்கு மேல எனக்கு இன்னா தெரியும்? ஆனா பயப்படுறதையே வேலையா வச்சிகினு சில பேரு கீறாங்க. சாம்பல் எங்க போவுது, எவ்ளோ ஒசரத்துல போவுதுன்னு பாத்துகினே இருக்காங்க. நேத்து உங்க ஃப்ளைட்ட நிறுத்தினது அவங்கதான். எத்தினி பேரு கத்தியிருப்பாங்க, கெஞ்சியிருப்பாங்க? அசையலையே! இன்னிக்கு அதே ஆளுங்கதான் போலாம்ன்றாங்க. என்ன விட பெரிய பயந்தாங்கொள்ளிங்கப்பா அவங்க. அவங்களே போலாம்னா, போலாம்ப்பா. ஏறுங்க."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு ரேவதியின் குரல்: "எழுந்துட்டாரு!"

போனை என்னிடம் கொடுத்த அக்கா, ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

அதற்குப் பிறகு அன்று கடையில் யாருக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை. ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்கு, கார்டை வைக்காமலே மெஷினை ஓட்டி வெள்ளைத் தாளைக் கொடுத்தார். அவரும் நிலைமையைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். மேஜை மேல் போன். அதில் மேப்பில் ஒரு குட்டி மஞ்சள் விமானம். அரபிக் கடலுக்கு நடுவே அது நின்றுவிட்டது.

"தம்பி! நின்னுடுச்சு!"

"கடல் மேல சிக்னல் கிடைக்காதுக்கா. அதான் நின்ன மாதிரி காட்டுது."

சொன்னேனே தவிர, என் கண்ணும் அந்த மஞ்சளை விட்டு அகலவில்லை. அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. துஆ ஓதுகிறார். அப்பாவுக்குப் பிடித்த முருகனை நானும் உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டேன். திடீரென்று மஞ்சள் விமானம் ஒரே தாவாகத் தாவி மங்களூர்ப் பக்கம் வந்து நின்றது. "அல்லாஹ்!" என்று அக்கா என் முதுகில் வைத்த அறை இரண்டு நாள் வலித்தது.

மீனம்பாக்கத்துக்கு என்னோடு காரில் அவரும் வந்தார். என் கையில் ஐஸ் போட்ட டப்பாவில் இன்சுலின். ரேவதி டிராலியைத் தள்ள, அப்பா ராஜநடையில் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்ததே தவிர, நடையில் குறைவில்லை. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொதல்ல ஊசியப் போடுங்க. அடம் புடிக்கிற வயசா இது? லாபியில உக்காந்துகினாராம்ல, லாபியில!"

"நீதானம்மா பாகுன்னு சொன்ன?"

"சொன்னா? சொல்றத எல்லாம் கேக்கணுமா?"

ரேவதி கேளம்பாக்கத்துக்குக் கிளம்பிப் போனாள். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா பின் சீட்டில். பல்லாவரம் தாண்டுகிற வரைக்கும் அப்பாவைத் திட்டிக்கொண்டு வந்தவரிடமிருந்து பிறகு சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போயிருந்தார். முந்தின நாள் ராத்திரி அவர் கண்ணை மூடியிருக்க மாட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். "நான் அவ்வளவு சொல்லியும் கேக்கல. அக்கா சொன்னதும் எப்படிப்பா ஏறினீங்க?"

"அந்தப் பொண்ணுக்குப் பேசும்போது குரல் நடுங்கிச்சுடா. தைரியமாச் சொல்லியிருந்தா நான் ஏறியிருக்கவே மாட்டேன்."

சிக்னல் பச்சையானது. கியரை மாற்றினேன். அப்பா என் கை மேல் கையை வைத்தார்.

"மெதுவாப் போ. அவ தூங்கட்டும்."